உலோகம் இல்லாத கேப்: விளிம்பு தெரிந்தால்தான் பொருந்தும்

கேள்வி: எனக்கு வயது 44. ஏற்காட்டில் இருக்கிறேன். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு சேலத்தில் ரூட் கெனால் முடிந்திருக்கிறது. கவரிங் தோடு போட்டாலே காது அரித்துப் புண்ணாகிவிடும் என்பதால், உலோகம் கலக்காத கேப் கேட்டேன். வாயை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் மூலம் ஜிர்கோனியா கேப் செய்யலாம் என்கிறார்கள். அச்சு எடுக்காமல் செய்வது சரியாகப் பொருந்துமா? தட்டுவடை, முறுக்கு கடித்தால் உடையாதா? எத்தனை முறை மலையிறங்கி வர வேண்டியிருக்கும்?

பதில்: கவரிங் நகையால் வரும் அரிப்புக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். விலை குறைந்த செராமிக் கேப்புகளின் உள்ளே இருக்கும் உலோகத்திலும் நிக்கல், குரோமியம் கலவையே அதிகம். வாய்க்குள் ஒவ்வாமை தோலில் வருவதைவிடக் குறைவாகவே வரும். ஆனாலும் மாற்று இருக்கும்போது நீங்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஜிர்கோனியா ஓர் ஆக்சைடு, செராமிக் வகை. நிக்கல் அதில் கிடையாது.

பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேப்பின் ஆயுளே அதில்தான் இருக்கிறது. ஸ்கேனர் என்பது கேமரா. வெளிச்சம் படாத இடம் அதற்குத் தெரியாது. செதுக்கிய பல்லின் விளிம்பு ஈறுக்குள் புதைந்திருந்தாலோ, அதன்மேல் ரத்தமோ எச்சிலோ நின்றாலோ, மென்பொருள் அந்த இடத்தை ஊகித்து நிரப்பிவிடும். திரையில் எல்லாம் அழகாகவே தெரியும். வாயில் வைத்தால்தான் இடைவெளி தெரியவரும். அந்த இடைவெளியில் கேப்பை ஒட்டும் சிமெண்ட் கரைந்து, உள்ளே சொத்தை விழும். ரூட் கெனால் செய்த பல் வலிக்காது என்பதால் உங்களுக்கும் தெரியாமலே போகும். 120 மைக்ரானுக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்குள், விளிம்பு இடைவெளி இருந்தால் ஏற்கலாம் என்பது நெடுங்கால அளவுகோல். ஒழுங்காக எடுத்த ஸ்கேன் இதைத் தாராளமாக எட்டும்.

ஆகவே ஸ்கேனுக்கு முன் ஈறை விலக்க மெல்லிய நூல் வைத்துச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் அன்று ஸ்கேன் எடுக்கவே கூடாது. தற்காலிக கேப் போட்டு, ஒரு வாரம் ஈறு ஆறிய பிறகு எடுப்பதே முறை. திரையில் விளிம்பு சுற்றிலும் அறுபடாமல் தெரிகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். மருத்துவர்கள் சந்தோஷமாகவே காட்டுவார்கள்.

அதன்பின் வேலை லேபில் நடக்கும். சுண்ணாம்புக்கட்டி போல மிருதுவான ஜிர்கோனியா வட்டிலிலிருந்து கேப்பைச் சற்றுப் பெரிதாகக் கடைந்தெடுப்பார்கள். சுமார் 1500 டிகிரி செல்சியஸ் உலையில் அது ஏறக்குறைய 20 சதவீதம் சுருங்கி, சரியான அளவுக்கு வந்து இறுகும். கடையும் ஊசியின் நுனி உருண்டையானது. அதனால் பல்லைச் செதுக்கும்போது கூரான மூலைகள் விட்டிருந்தால் மெஷினால் அதற்கேற்பக் குடைய முடியாது. ஒன்று, கேப் முழுதாக உட்காராது; இல்லையேல் உள்ளே தளர்ந்து நிற்கும்.

தட்டுவடைக்கு வருவோம். ஜிர்கோனியாவில் வகைகள் உண்டு. அதை உறுதியாக்கச் சேர்க்கும் இட்ரியா என்ற இன்னோர் ஆக்சைடின் அளவைப் பொறுத்தவை அவை. 3 சதவீத இட்ரியா சேர்ந்தது 900 முதல் 1200 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு) வரை தாங்கும். கொஞ்சம் மங்கலாகத் தெரியும். 5 சதவீத வகை கண்ணாடி போல ஒளி ஊடுருவும். ஆனால் வலிமை கிட்டத்தட்டப் பாதிதான். முன்பல்லுக்கு அது அழகு. கடைவாய்க்கு முதல் வகையையே கேளுங்கள். மேலே போர்சலின் பூசாத ஒரே கட்டி கேப்பாக இருக்கட்டும். உடைந்து வரும் கேப்புகளில் பல, மேல்பூச்சு பெயர்ந்தவைதான். கடிக்கும் பரப்பில் குறைந்தது 1 மில்லிமீட்டர் கனம் வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். இரவில் போட்டுக்கொள்ள ஒரு கவசம் தேவைப்படும்.

சேலம், தருமபுரி பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுந்த இடங்கள் இருக்கின்றன. அங்கே வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கோடுகள் இருக்கலாம். உங்களுக்கும் இருந்தால், பல்லைச் செதுக்கும் முன்பே, அது உலராதபோது, நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துப் படமெடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பயணம்? பொதுவாக இரண்டு தடவை: செதுக்கி ஸ்கேன் எடுக்க ஒன்று, சில நாள் கழித்துப் பொருத்த ஒன்று. கிளினிக்கிலேயே கடையும் மெஷின் இருந்தால் லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி வகை செராமிக் கேப்பை ஒரே நாளில் முடிக்கலாம். அதன் வலிமை 400 மெகாபாஸ்கல் அளவே என்றாலும், 1.5 மில்லிமீட்டர் கனமும், நல்ல ஒட்டுப்பசையும் இருந்தால் கடைவாயிலும் நிற்கும். கொண்டை ஊசி வளைவுகளை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பொருத்தும் நாளில் இரண்டைக் கவனியுங்கள். வாயில் வைத்துப் பார்த்த ஜிர்கோனியாவின் உட்புறத்தில் எச்சிலின் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். அதற்கென உள்ள திரவத்தால் கழுவாமல் ஒட்டினால் பிடிப்பு குறையும். அடுத்து, மரத்துப்போகும் ஊசி இல்லாமல் கடித்துப் பாருங்கள். ரூட் கெனால் செய்த பல்லானாலும், கேப் துளி உயரமாக இருந்தால் தெரியும். உயரத்தைத் தேய்த்துக் குறைத்தால், அந்த இடத்தைப் பளபளப்பாக மெருகேற்றிய பிறகே எழுந்திருங்கள். சொரசொரப்பாக விட்ட ஜிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும்.