கப்புக்கும் ஒரு காஸ்டிங் ஷீட் போடுங்கள்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் 17 வருடம் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை) இருந்தேன். வயது 41. கோவையில் வார இறுதி செராமிக் வகுப்புக்குப் போகப் போக, சக்கரத்தை விட்டு எழ மனசே வரவில்லை. வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. இப்படி நிம்மதியாகத் தூங்கி வருஷக்கணக்கு. ஒரு கப்புக்கு மண், கிளேஸ் (மேலே பூசும் பளபளப்புப் பூச்சு) 70 ரூபாய், 350-க்கு விற்கிறேன். போன மாதம் செய்த 40-ல் 29 தேறி, விற்றும் போனது. அடுத்தவர் சூளையில் சுட 3,200 ரூபாய் கொடுத்தேன். பி.எஃப்.பில் 11 லட்சம் இருக்கிறது. அதில் மூன்றரை லட்சம் எடுத்து மின்சூளை வாங்கலாமா? வீட்டுக்கடன் தவணை கணவர் சம்பளத்தில் போகிறது.
- வாசகி, அவிநாசி

பதில்: இப்போது வேண்டாம். வேலையை விட்டதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தூக்கத்துக்கு நான் விலை போட முடியாது. ஆனால் கப்புக்குப் போடலாம்.

ஆர்டர் கொடுக்கும் பையருக்குப் பைசா பைசாவாக காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, போட்டவர் நீங்கள். துணி சுருங்குவதற்கு அலவன்ஸ் விட்டவருக்கு, களிமண்ணும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும், சுருங்கும்போது விரிசலும் விடும் என்று சொல்லவா வேண்டும்? உடைந்த 11 கப்பின் செலவையும் தேறிய 29 தான் சுமக்க வேண்டும். 40 கப்புக்கு மண், கிளேஸ் 2,800. சூளைக் கூலி 3,200. பேக்கிங், ஸ்டால் வாடகைக்கு கப்புக்கு 40 என்று வையுங்கள், 1,160. வரவு 10,150, கையில் நிற்பது 2,990. ஒரு மாத உழைப்புக்கு இவ்வளவுதான். கப்புக்கு 280 ரூபாய் லாபம் என்றுதானே நினைத்திருந்தீர்கள்?

சொந்தச் சூளை வந்தால் கூலி மிச்சம், கரண்ட் பில் மிச்சமில்லை. மாதம் 2,000 மிஞ்சினாலும் மூன்றரை லட்சம் திரும்ப 175 மாதம், பதினாலரை வருடம். அதற்குள் சூளையின் சூடேற்றும் காயிலையும் மாற்ற வேண்டி வரும். மாதம் 200 கப் விற்கும் நாளில் இந்தக் கணக்கே வேறு.

பி.எஃப்.புக்கு 2024-25-ல் வட்டி 8.25 சதவீதம். வேலையை விட்டாலும் 58 வயது வரை வட்டி ஏறும். விட்ட பிறகு ஏறும் வட்டிக்கு வரி உண்டு. இதே வட்டி நீடித்தால் அந்த மூன்றரை லட்சம் உங்கள் 58-வது வயதில் சுமார் 13 லட்சம். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு போயிருக்குமே, அதை முதலில் பாருங்கள்.

சூளைக்குக் கடன்தான் என்றால் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது: 35 வயது தாண்டியவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000. மண்பாண்டமும் பட்டியலில் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். வீட்டில் சூளை வைக்கத் தனி இணைப்பு, த்ரீ ஃபேஸ் வேண்டுமா என்பதை ஈ.பி. ஆபீசில் விசாரித்து வையுங்கள்.

அதுவரை கூலிக்கே சுடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்குச் சக்கரம் சொல்லிக்கொடுத்தால் கப்பை விடக் காசு நிதானமாக வரும் என்பது என் எண்ணம். நொய்யல் கரைக் கொடுமணலில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நீங்களும் கப்பின் அடியில் பெயரைக் கீறி விடுங்கள். 350-ஐ 450 ஆக்கிப் பார்க்க அது ஒரு சாக்கு. ஆறு மாதக் கணக்கோடு மறுபடி எழுதுங்கள்.