ஜோடி பல இருக்கலாம், வெக்டர் ஒன்றுதான்

"ஒன்றையொன்று வெட்டாத இரண்டு மூடிய குவிவுக் கணங்கள் தளத்தில் இருந்தால், மிக அருகிலுள்ள புள்ளி ஜோடி ஒன்றே ஒன்றுதானே? நிறுவல் பாதியில் நிற்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கத்தான் செய்யும், கூற்றே தவறு. (மூடிய கணம் என்றால் தன் எல்லையையும் சேர்த்துக்கொண்டது; குவிவு என்றால் அதன் எந்த இரு புள்ளிகளைச் சேர்க்கும் துண்டும் அதற்குள்ளேயே இருக்கும்; ஜோடி என்றால் கணத்துக்கு ஒரு புள்ளி.)

கடலூர்க்காரர் என்கிறீர்கள், புதுச்சேரி தெரிந்திருக்கும். மிஷன் வீதியையும் காந்தி வீதியையும் இணைகோடுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குறுக்குத் தெருவில் நடந்து கடந்தாலும் தூரம் ஒன்றே. ஜோடிகளுக்குக் கணக்கே இல்லை.

ஆனால் உங்கள் உழைப்பு வீணில்லை. a முதல் கணத்துப் புள்ளி, b இரண்டாவதின் புள்ளி; (a₁, b₁), (a₂, b₂) இரண்டுமே மிக அருகிலுள்ள ஜோடிகள் என்று வையுங்கள். கணங்கள் குவிவானவை என்பதால் a₁, a₂ இவற்றின் நடுப்புள்ளியும் b₁, b₂ இவற்றின் நடுப்புள்ளியும் அந்தந்தக் கணத்துக்குள்ளேயே இருக்கும். a₁−b₁, a₂−b₂ இரண்டும் வெவ்வேறு வெக்டர்கள் (நீளமும் திசையும் உள்ளவை) என்றால், சம நீளமுள்ள அவற்றின் சராசரி, அதாவது அந்த நடுப்புள்ளிகளுக்கு இடையேயான வெக்டர், இன்னும் குட்டையாகிவிடும், முரண்பாடு. ஆக வெக்டர் ஒன்றுதான். அதிலிருந்து a₁−a₂ = b₁−b₂. அதாவது ஜோடி மாறினால் இரு கணங்களின் எல்லையிலும் இணையான நேர்த்துண்டுகள் இருந்தே ஆக வேண்டும். ஒன்று வட்டத்தட்டாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஜோடி தனித்ததே.

ஜோடி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. x > 0, xy ≥ 1 என்ற பகுதியையும் x அச்சையும் பாருங்கள்: தூரம் 0, தொடும் புள்ளி கிடையாது. ஒரு கணமாவது வரம்புடையதாக (முடிவில்லாமல் நீளாததாக) இருந்தால் இந்தத் தொல்லை வராது.

ஒரு எச்சரிக்கை: தூரத்தை, குறுக்கே வெட்டாமல் தெருவழியே ஆட்டோ போகிற மாதிரி, |x|+|y| என்று அளந்தால் மேலே சொன்ன சராசரி வாதம் படுத்துவிடும். ஆதிப்புள்ளியிலிருந்து (1,0), (0,1) இரண்டையும் சேர்க்கும் துண்டுக்குப் போய்ப் பாருங்கள், அதிலுள்ள எல்லாப் புள்ளியும் தூரம் 1.