முர்னாவ் பேய்ப்பட இயக்குநரா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தில் மௌனப்படங்களைப் பற்றி அடிக்கடி எழுதுவதால் இதைக் கேட்கிறேன். சமீபத்தில் ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் 'நோஸ்ஃபெரட்டு' பார்த்தேன். சில இடங்களில் நிஜமாகவே பயந்தேன், சில இடங்களில் சிரித்துவிட்டேன். சூரிய வெளிச்சம் பட்டால் செத்துப்போகிற ரத்தக்காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறது! பேய்ப்படங்களுக்கு வழிகாட்டி என்று எல்லோரும் அவரைக் கொண்டாடுகிறார்கள். அவர் எடுத்த 21 படங்களில் 12 மட்டும்தான் முழுதாக மிஞ்சியிருக்கிறது என்றும் படித்தேன். ஏறக்குறைய பாதி கைக்குக் கிடைக்காத ஒருவரை, இருப்பதை மட்டும் வைத்து இன்னார் என்று முடிவு கட்டுவது சரியா? பார்ப்பதென்றால் எந்த வரிசையில் பார்ப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் அந்தச் சவப்பெட்டி. தப்பு முர்னாவுடையது இல்லை, நீங்கள் பார்த்த பிரதியுடையது. 1922இல் இரவில் வெளியே வைத்துப் படமெடுக்கும் அளவுக்கு ஃபிலிமுக்குத் திறன் கிடையாது. அதனால் பகலில் எடுத்துவிட்டு, திரையிடும் பிரதியில் அந்தக் காட்சிகளுக்கு நீலச்சாயம் ஏற்றுவார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் விளக்கு வெளிச்சம் அல்லது பகல். இது அன்றைய பார்வையாளருக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லாத விஷயம். பிற்காலத்தில் சாயமில்லாமல் கறுப்பு வெள்ளையாகவே பிரதி எடுத்துப் பரப்பியதால், காட்டேரி பல பத்தாண்டுகள் வெயிலில் அலைய வேண்டியதாயிற்று. பிறகு பிரான்ஸிலிருந்த சாயம் ஏற்றிய 1922ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றை வைத்துப் படத்தைச் சீர்செய்தார்கள். அதைப் பாருங்கள், அந்தத் தெரு ஆளே மாறிப்போயிருக்கும்.

அடுத்து பெரிய கேள்வி. காலம் சல்லடை போட்டு நல்லதை மட்டும் நிறுத்திவைக்கும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. மௌனப்படங்கள் விஷயத்தில் இது சுத்தப் பொய். முர்னாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'டிராகுலா' நாவலின் உரிமையை வாங்காமலே 'நோஸ்ஃபெரட்டு'வை எடுத்தார்கள் என்று நாவலாசிரியரின் மனைவி ஃப்ளோரன்ஸ் ஸ்டோக்கர் வழக்குப் போட்டார். எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்று 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவே போட்டது. ஏற்கெனவே வெளிநாடுகளுக்குப் போய்விட்ட பிரதிகளால் படம் தப்பித்தது. மறுபக்கம் 'சன்ரைஸ்' (1927). முதல் ஆஸ்கர் விழாவிலேயே கலைத்தன்மையுள்ள படத்துக்கான விருதையும் ஒளிப்பதிவு விருதையும் வாங்கிய படம், பெரிய ஸ்டுடியோவின் கிடங்கில் பத்திரமாக இருந்த படம். 1937இல் நியூஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தபோது அதன் மூல நெகடிவ் சாம்பலானது. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் அப்படி, ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அடங்காது. இன்று நாம் பார்ப்பது மிஞ்சிய பிரதிகளிலிருந்து எடுத்த பிரதி. ஆக, அழிக்கச் சொன்னது பிழைத்தது, விருது வாங்கிய படத்தின் மூல நெகடிவ் எரிந்தது. இதில் தகுதிக்கு எங்கே இடம்?

'நோஸ்ஃபெரட்டு' பிழைத்தது மட்டுமல்ல, மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுற்றியது. அதனால் முர்னாவ் பேய்ப்படக்காரர் ஆகிவிட்டார். தொலைந்துபோனவற்றிலும் அந்த மாதிரிப் படங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆளுக்குள் நல்லவனும் கெட்டவனும் இருக்கும் ஜெகில், ஹைட் கதையை உரிமை வாங்காமல் பெயர் மாற்றி எடுத்த 'யானுஸ்கோஃப்' (1920) அவற்றில் ஒன்று. (உரிமை வாங்கும் பழக்கம் அந்தக் காலத்தில் அவ்வளவாக இல்லை போலிருக்கிறது.) ஆனால் இருக்கிற 12 படங்களையும் வரிசையாகப் பார்த்தால் பேய் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். எனக்குத் தெரிவது வேறொரு ஆள். ஊரைவிட்டு இன்னொரு இடத்துக்குப் போகிறவர்கள், போன இடத்திலும் ஒட்டாமல் திரும்பி வரவும் முடியாமல் நிற்பவர்கள், இவர்களைத்தான் அவர் கடைசிவரை எடுத்துக்கொண்டிருந்தார்.

முழுதாகக் கிடைப்பவற்றில் மிகப் பழையது 1920இல் எடுத்த 'டெர் காங் இன் டி நாக்ட்'. நகரத்து டாக்டர் ஒருவர், நிச்சயித்த பெண்ணை விட்டுவிட்டு ஒரு நடனக்காரியோடு மீனவ கிராமத்துக்குக் குடிபோகிறார். அங்கே கண் தெரியாத ஓவியன் ஒருவன். டாக்டர் அவனுக்குப் பார்வை கொடுக்கிறார், அவள் அவனோடு போய்விடுகிறாள். கதை அரதப்பழசு, நடிப்பும் கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் இந்தப் படத்துக்கு கேமராவில் ஓடிய அசல் நெகடிவே மிஞ்சியிருப்பதால், பின்னால் வந்த பெரிய படங்களைவிடப் படம் பளிச்சென்று இருக்கிறது. அப்புறம் 'டெர் பிரென்னெண்டெ ஆக்கர்' (1922). விவசாயி மகன் ஒருவன் மண்ணை வெறுத்துப் பிரபுவின் மாளிகையில் வேலைக்குப் போகிறான், சாபம் பிடித்ததென்று எல்லோரும் ஒதுக்கிய நிலத்தின் அடியில் எண்ணெய் இருப்பது தெரிந்ததும் அதற்காகவே கல்யாணம் வரை போகிறான். 1978வரை இப்படி ஒரு படம் தொலைந்தேபோயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு அடுத்து, 1923இல் வந்த இன்னொரு கிராமத்துப் படமான 'டி ஆஸ்ட்ரைபுங்' இன்றுவரை கிடைக்கவில்லை. இவ்விரண்டும் ஆரம்பத்திலிருந்தே எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தால் முர்னாவைப் பற்றிய பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 'நோஸ்ஃபெரட்டு'வையும் இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். ஒருவன் வேலை விஷயமாக வெளியூர் போகிறான், பாலத்தைத் தாண்டுகிறான், போன இடத்தின் கேடு அவனுக்குப் பின்னாலேயே கப்பலேறி ஊருக்கு வந்துவிடுகிறது.

'சன்ரைஸ்' இதன் உச்சம். நகரத்துக்காரி ஒருத்தி கிராமத்துக்கு வந்து ஒருவனை மயக்கி, பெண்டாட்டியைக் கொன்றுவிடச் சொல்கிறாள். ராத்திரி அந்த நகரத்துக்காரியைப் பார்க்க அவன் சதுப்பு நிலத்தில் நடந்து போகும் ஷாட் ஒன்று வரும். கேமரா முதலில் அவன் முதுகைத் தொடர்கிறது, வேலியைத் தாண்டுகிறது, அப்புறம் அவனை விட்டுவிட்டுத் தானாகச் செடிகளை விலக்கிக்கொண்டு போய், அவனுக்கு முன்பே அவளிடம் சேர்ந்துவிடுகிறது. அவள் நிலா வெளிச்சத்தில் சும்மா நிற்கிறாள், அவன் வரும் சத்தம் கேட்டதும் அவசரமாக முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்கிறாள். சத்தமே இல்லாத படத்தில் அந்தக் காலடி நமக்குக் கேட்கும். சரி, கிராமம் நல்லது நகரம் கெட்டது என்று முடித்துவிடப் போகிறார் என்று நாம் நினைக்கும்போது, கொலையிலிருந்து தப்பிய மனைவி டிராமில் ஏறிக்கொள்ள, அவனும் பின்னாலேயே ஏற, ஜன்னலுக்கு வெளியே மரங்கள் போய்க் கட்டடங்கள் வருகின்றன. இருவரும் சமாதானமாகி மறுபடி புருஷன் பெண்டாட்டி ஆவது அதே நகரத்தில்தான்.

'சிட்டி கேர்ள்' (1930) இதைத் தலைகீழாக்குகிறது. சிகாகோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கும் கேட், கோதுமை விற்க வந்த பையனைக் கட்டிக்கொண்டு பண்ணைக்குப் போகிறாள். நகரத்தில் அவள் அறையைக் கவனியுங்கள்: ஜன்னலோரம் ஒரு தொட்டிச்செடி, கூண்டில் சாவி கொடுத்தால் பாடும் பொம்மைக் குருவி, வெளியே உயரப் பாலத்தில் ரயில். இயற்கை என்று அவளுக்கு வாய்த்தது அவ்வளவுதான். பண்ணைக்கு வந்ததும் இருவரும் கோதுமைக்குள் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள், கேமராவும் கூடவே ஓடுகிறது, முர்னாவின் படங்களில் இவ்வளவு சந்தோஷமான ஷாட் வேறில்லை. அடுத்த சில நிமிடங்களில் மாமனார் அவளை அறைகிறார். ஒரு விஷயம் கேளுங்கள்: பேசும்படங்கள் வந்துவிட்டதால் ஸ்டுடியோ இதில் வேறு ஆட்களை வைத்து வசனக் காட்சிகளைச் சேர்த்து வெளியிட்டது. அந்தப் பேசும் வடிவம்தான் இன்று தொலைந்துவிட்டது. முர்னாவ் எடுத்த மௌன வடிவம் பிழைத்திருக்கிறது. சில நேரம் தற்செயலுக்கும் ரசனை இருக்கிறது.

இதற்கும் 'சன்ரைஸு'க்கும் நடுவில் வந்த சர்க்கஸ் படம் 'ஃபோர் டெவில்ஸ்' (1928). அதுதான் தொலைந்தவற்றில் பெரிய நஷ்டம். புகைப்படங்கள் இருக்கின்றன, படம் இல்லை.

கடைசிப் படம் 'டாபூ' (1931). தென்கடல் தீவில் ஒரு பையன் காதலித்த பெண்ணை, தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டவள் என்று பெரியவர் ஒருவர் கூட்டிப்போக வருகிறார். காதலர்கள் வெள்ளைக்காரர்களின் முத்து வியாபார ஊருக்கு ஓடிப்போகிறார்கள். காசு என்றால் என்னவென்றே தெரியாத பையன் எல்லோருக்கும் மது வாங்கிக் கொடுத்து நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறான். தீவில் சட்டம், இங்கே கடன், இரண்டுமே விடுவதில்லை. கடைசியில் பெரியவரின் படகில் அவள் போகிறாள், பையன் பின்னாலேயே நீந்தி, படகிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்தும்விடுகிறான். பெரியவர் நிதானமாகக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கிறார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. படம் நியூயார்க்கில் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 11 அன்று, கார் விபத்தில் முர்னாவ் இறந்தார். வயது 42.

ஆக, இருப்பதை வைத்து முடிவு கட்டலாமா என்றால், கட்டலாம், ஆனால் எது ஏன் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள். மிஞ்சியிருக்கிறது என்று சொல்லும் படத்திலும் எது மிஞ்சியது என்று ஒரு கேள்வி உண்டு. அந்தக் காலத்தில் வெளிநாட்டு விற்பனைக்கென்று பக்கத்தில் இன்னொரு கேமரா வைத்தோ, இரண்டாந்தர டேக்குகளை (ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தவற்றில் ஒதுக்கியவற்றை) சேர்த்தோ தனி நெகடிவ் தயாரிப்பார்கள். 'ஃபாஸ்ட்' (1926) படத்துக்கு இப்படிப் பல வடிவங்கள், உலகம் வெகுகாலம் பார்த்துப் பாராட்டியது நல்ல டேக்குகள் இல்லாத ஏற்றுமதிப் பிரதியை. 'டார்ட்டுஃப்' படத்தின் ஜெர்மன் வடிவம் போயேபோய்விட்டது, நாம் பார்ப்பது அமெரிக்காவுக்கு அனுப்பியது. அதனால் பார்க்கும் முன் எந்தப் பிரதி என்று விசாரித்துக்கொள்ளுங்கள், ஜெர்மன் உள்நாட்டு வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

வரிசை என்று கேட்டீர்கள். காலவரிசைப்படி ஆரம்பித்தால் முதல் இரண்டு படங்களிலேயே கையை உதறிவிடுவீர்கள். 'சன்ரைஸ்', 'சிட்டி கேர்ள்' இரண்டையும் அடுத்தடுத்து பாருங்கள். பிறகு 'தி லாஸ்ட் லாஃப்' (1924): ஹோட்டல் வாசல்காப்போனின் சீருடையைப் பிடுங்கிக்கொண்டு கழிப்பறை வேலைக்கு அனுப்புவதுதான் மொத்தக் கதை, இவன் ஊரைவிட்டுப் போகவில்லை, வாசலிலிருந்து கீழ்த்தளத்துக்குப் போகிறான், அதற்கே உயிர் போகிறது. கதை சொல்ல டைட்டில் கார்டு (திரையில் வரும் எழுத்து அட்டை) என்று ஒன்றே ஒன்றுதான், அதுவும் கடைசியில். அதன்பின் 'டாபூ', 'ஃபாஸ்ட்', அப்புறம் பழைய படங்கள். 'கிராண்ட் டியூக்கின் நிதி' (1924) என்று ஒரு நகைச்சுவைப் படமும் முழுதாக மிஞ்சியிருக்கிறது. அதைப் பார்க்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.