ஹைட்ரஜன் கார் வரும் வரை காத்திருக்கலாமா?

"இப்போதுள்ள பெட்ரோல் காரை இன்னும் நாலைந்து வருடம் ஓட்டிவிட்டு நேராக ஹைட்ரஜன் காருக்குப் போய்விடலாமா?" என்பது கேள்வி. 2022 மார்ச்சில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா மிராய் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கியதிலிருந்து என் மாமா பையனும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறான். காத்திருக்க வேண்டாம் என்பதே என் பதில்.

கரண்ட் பில் கணக்காகவே பார்ப்போம். தண்ணீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அதை 700 பார் அழுத்தத்துக்கு அமுக்க (கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்), குளிரவைக்க இன்னும் சில யூனிட். 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 1 கிலோவில் கார் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். அதே 60 யூனிட்டை பேட்டரி காரில் ஏற்றினால் 350 கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். தொழில்நுட்பம் வளர வளர எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். கொஞ்சம் மேம்படும், சரி. ஆனால் மின்சாரத்தை வாயுவாக்கி, அந்த வாயுவைக் காருக்குள் மறுபடி மின்சாரமாக்கும்போது இரண்டு இடத்திலும் இழப்பு உண்டு. அதற்கு இயற்பியல் தள்ளுபடி தராது.

"ஐந்தே நிமிடத்தில் நிரப்பிவிடலாமே?" கலிபோர்னியாவில் நண்பனின் ஹைட்ரஜன் காரில் ஒருமுறை எரிபொருள் பங்க்குக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் மூன்று கார்கள். ஒவ்வொன்றும் நிரப்பியதும் அழுத்தம் மறுபடி ஏறும்வரை பம்ப் சும்மா நின்றது. எங்கள் முறை வந்து நிரப்பி முடித்தால், நாசில் காரை விடமாட்டேன் என்கிறது. வாயு பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்கு நெருக்கமான குளிரில் வருவதால், காற்றிலிருந்த ஈரம் உறைந்து நாசிலைக் காரோடு ஒட்டிவிட்டிருந்தது. அவன் பதற்றமே இல்லாமல் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். பழக்கம்!

காரோடு அவனுக்கு இலவச எரிபொருள் கார்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். அது இருந்தவரை ராஜா. 2023-இல் அங்கே கிலோ 36 டாலர் வரை போனது. டேங்க் நிறைய 5 கிலோ சொச்சம் பிடிக்கும், பெருக்கிக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் கலிபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்க்குகளை ஒரேயடியாக மூடியது.

புகைக்குழாயில் தண்ணீர்தான் வரும் என்பது உண்மை. ஆனால் இன்று உலகில் கிடைக்கும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயு வழியில் 1 கிலோ எடுத்தால் 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு. புகை இருக்கிறது, வேறு ஊரில்.

நீண்டதூர லாரிக்கு ஒருவேளை பயன்படலாம். அதிலும் பெரிதாகப் பேசப்பட்ட நிகோலா என்ற அமெரிக்க லாரி நிறுவனம் 2025 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. அப்புறம், பசுமை ஹைட்ரஜனே (சூரிய, காற்று மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து எடுப்பது) வேண்டாம் என்று சொல்லவில்லை. யூரியாவுக்கான அம்மோனியா செய்ய, மணலி மாதிரியான சுத்திகரிப்பு ஆலைகளில் டீசலிலிருந்து கந்தகத்தை நீக்க, ஹைட்ரஜன் இல்லாமல் முடியாது. கிடைக்கும் கொஞ்சத்தை முதலில் அங்கே கொடுக்கலாம்.

நண்பனின் கார் இப்போது வாசலில் நிற்கிறது. ஆபீசுக்கு மனைவியின் பழைய பெட்ரோல் காரில் போய்வருகிறான்.