மாயா பெண்களுக்குக் குடும்பத்துக்கு வெளியே தோழிகள் உண்டா?

மத்திய அமெரிக்காவின் பழங்குடியினரான மாயா மக்களின், குடும்பமும் உறவுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் மரபான சமூகத்தில், பெண்களுக்குத் தோழி என்று ஒருவர் இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதேனும் ஆவணப்படத்தில் அவர்கள் பிள்ளையை முதுகில் சுமந்து மௌனமாக நடப்பதைப் பார்த்து இந்த ஐயம் எழுந்திருக்கலாம். நான் மானுடவியல் படித்தவள் அல்ல. குவாத்தமாலாவில் ஓர் ஊரை மட்டுமே நெருங்கி அறிந்தவள். ஆயினும் இக்கேள்விக்குப் பதில் சொல்லாமல் கடக்க முடியவில்லை.

கணவரின் பணி காரணமாக அங்கே வாழ்ந்தபோது, அந்திகுவா நகருக்கு அருகிலுள்ள சான் அன்டோனியோ அகுவாஸ் காலியென்டெஸ் என்னும், கக்சிகேல் மாயா மக்கள் வாழும் ஊரில் இடுப்புத்தறி பழகினேன். தறியின் ஒரு முனை வீட்டுத் தூணிலும், மறுமுனை மண்டியிட்டிருக்கும் பெண்ணின் இடுப்பு வாரிலும் கட்டப்பட்டிருக்கும். அவர் பின்னே சாய்ந்தால் பாவு இறுகும், முன்னே வந்தால் தளரும். ஆகவே ஒருவர் தொடங்கியதை மற்றவர் தொடர்ந்தால் துணியே காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குக் கற்பித்தவர் பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருடைய கணவர் கரும்பு வெட்டத் தென்கடற்கரைக்குப் போயிருந்தார். முன்பணம் வாங்கி நெய்துகொண்டிருந்த ‘வீப்பில்’ என்னும் மேற்சட்டை பாதியில் நின்றது. அவருடைய மூத்த மகளுக்கு ஞானஸ்நானத்தின்போது தாயாகப் பொறுப்பேற்ற ஞானத்தாய், யாரும் அழைக்காமலே விடியலில் வந்து, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை மில்லில் அரைத்துவந்து தோர்த்தியா என்னும் சோள ரொட்டி தட்டிவைத்துவிட்டு, அந்த வாரைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு அமர்ந்தார். இருவருக்கும் இரத்த உறவு கிடையாது. ஊர்ப் பொதுத் தொட்டியில் துணி துவைத்த சிறுவயதிலிருந்தே தோழிகள். நட்பு முதலில் வந்தது. ஞானஸ்நானம் அதை ஊர் மதிக்கும் உறவாக்கியது. நீங்கள் உறவு என்று எண்ணும் ஒன்றின் உள்ளேயே நட்பு இருப்பது இப்படித்தான்.

துணியை வாங்க வந்த இடைத்தரகர், நெசவு இறுகியிருந்த பகுதியைச் சுட்டிக்காட்டி விலையைக் குறைத்தார். மாதக்கணக்கான உழைப்பை விரல் நுனியால் மதிப்பிட்ட அந்த மனிதர் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

இது தனிப்பட்ட இருவரின் கதைதானே என்பவர்கள் அதே குவாத்தமாலாவில் உள்ள செப்பூர் சார்கோ என்னும் ஊரை எண்ணிப் பார்க்கட்டும். நிலப் பட்டா கேட்ட கணவர்களை 1982இல் ராணுவத்திடம் இழந்த, கெக்சி என்னும் மாயா இனப் பெண்கள், ராணுவ முகாமில் முறைவைத்துச் சமைக்கவும் துவைக்கவும் வைக்கப்பட்டு, பாலியல் அடிமைகளாகவும் ஆக்கப்பட்டார்கள். சொந்த ஊரே அவர்களை இழிவாகப் பேசியது. அவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நின்று, முகத்தைத் துணியால் மூடியபடி நீதிமன்றத்தில் சேர்ந்தே அமர்ந்தார்கள். 2016 பிப்ரவரி 26 அன்று, முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவருக்கு 120 ஆண்டுகளும், ராணுவத்தின் உள்ளூர் ஆணையராக இருந்தவருக்கு 240 ஆண்டுகளும் தண்டனை கிடைத்தது.

வறுமையை நான் போற்றுகிறேன் என்று எவரும் சொல்ல வேண்டாம். தோழியின் தறியில் அமர்ந்திருந்த நாட்களில் அந்த ஞானத்தாய் தம் துணியை முடிக்கவில்லை. அவர் வீட்டு வருமானமும் அந்த அளவுக்குக் குறைந்தது. அதை அறிந்தேதான் அவர் வந்தார்.