முதல் 2,000 யூரோவை எதில் போடுவது?

அன்புள்ள தம்பிக்கு,

ஜெர்மனிக்கு வந்த இரண்டாம் ஆண்டிலேயே இங்குள்ள ஓட்டுநர் தேர்வை முடித்து, 2012ஆம் ஆண்டின் மஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் கூரை மடியும் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மிச்சமிருக்கும் 2,000 யூரோவில் வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், அகலமான வீல், கம்பீரமாக ஒலிக்கும் சைலன்சர் ஆகிய மூன்றில் எதை முதலில் மாற்றலாம் என்பது உங்கள் கேள்வி. மூன்றையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விற்றவர் கொடுத்த சர்வீஸ் புத்தகத்தையும் பட்டறை ரசீதுகளையும் ஒருநாள் மாலை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீது இல்லாத வேலை எதையும் நடக்காத வேலையாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பின்சக்கரங்கள் இழுக்கும் வண்டி என்பதால் பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) ஆயில், கூலன்ட் என்று எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றிவிட்டால், அன்றிலிருந்து வண்டியின் கணக்கு உங்கள் கையில் இருக்கும். உங்கள் எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருப்பதால் பெல்ட்டைக் காலந்தோறும் மாற்றும் பெரிய செலவு இல்லை. ஆனால் ஆயில் அளவைக் கவனிக்காமல் விட்டால் சங்கிலியும் நெடுநாள் தாங்காது.

இவற்றுள் பலரும் மறப்பது பிரேக் ஆயிலைத்தான். அது காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 தரத்தில் புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறிய திரவத்துக்கு அந்தத் தரம் கேட்கும் எல்லை 155 டிகிரிதான். ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வேக வரம்பில்லாத இடத்தில் 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அடுத்தடுத்து அழுத்திப் பிரேக் பிடிக்கும்போதோ, நீண்ட மலைச்சரிவில் இறங்கும்போதோ, சூடேறிய திரவம் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் தோன்றினால், நீங்கள் மிதிக்கும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்றுவது இங்கே வழக்கம். செலவும் அதிகமில்லை.

அடுத்தது டயர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடிய வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்பே முதுமை அடைந்துவிடும்; டயரின் ரப்பரில் உள்ள பள்ளம் ஆழமாகத் தெரிவதால் வாங்குபவர் ஏமாந்துபோவார். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2317 என்றிருந்தால் அது 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. சட்டம் கேட்கும் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் என்றாலும், மழைச் சாலையில் நான் அதை நம்பி ஓட்டமாட்டேன். உங்கள் பணத்தில் பெரும்பங்கு நான்கு நல்ல டயர்களுக்கே போகட்டும்; பழைய டயரிலிருந்து மாறிய அன்று உங்களுக்குக் கிடைக்கும் வேறுபாட்டை எந்தச் சைலன்சரும் தராது. பனிக்காலத்திலும் ஓட்டுவதாக இருந்தால் மலைச்சிகரத்துக்குள் பனித்துகள் வரைந்த சின்னமுள்ள டயர் தனியாகத் தேவை. 2024 அக்டோபரிலிருந்து சேற்றுக்கும் பனிக்கும் என்று பொருள்படும் வெறும் எம்+எஸ் (M+S) எழுத்து போதாது. பனிபடிந்த சாலையில் அது இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதத்தோடு உரிமக் கணக்கில் ஒரு தண்டனைப் புள்ளியும் ஏறும்.

உங்கள் வண்டி துணிக்கூரை வகை என்றால், கூரை மடியும் இடத்தின் இரு ஓரங்களிலும் உள்ள வடிகுழாய்களையும் பாருங்கள். இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளே தேங்கித் தகட்டை அரித்துவிடும். ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றி, அது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பார்த்தாலே போதும்.

இனி உங்கள் ஆசைகளுக்கு வருகிறேன். இங்கே எந்த உதிரிபாகத்தையும் விட அதனோடு வரும் தாள்தான் விலையுயர்ந்தது. ஆபேஏ எனப்படும் பொது அனுமதி உள்ள பாகமென்றால், அதில் கூடுதல் நிபந்தனை இல்லாதபோது, அந்தத் தாளை வண்டியில் வைத்திருந்தால் போதும். டைலெகுட்டாஹ்டன் எனப்படும் ஆய்வறிக்கை மட்டும் உள்ள பாகமென்றால், பொருத்திய உடனே பரிசோதகரிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தனி ஆய்வு. அந்தச் செலவு சில நேரம் பாகத்தின் விலையையே தாண்டிவிடும். ஒப்புதலில்லாத மாற்றத்தால் வண்டியின் சாலை அனுமதியே செல்லாமல் போகலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் கேள்வி கேட்கும்.

இதை நான் பணம் கட்டிக் கற்றேன். முன்பு வைத்திருந்த வண்டிக்குப் பழைய ஸ்பிரிங் நான்கை ஒருவரிடம் மலிவாக வாங்கி, தாள் பிறகு அனுப்புவார் என்று நம்பிப் பொருத்தினேன். தாள் வரவேயில்லை. டூஃப் என்று எல்லோரும் சொல்லும் ஈராண்டுச் சோதனையில் பரிசோதகர் ஸ்பிரிங்கில் பொறித்திருந்த எண்ணைப் படித்துவிட்டு மரியாதையாகத் தலையசைத்து மறுத்தார். வண்டியில் முதலில் இருந்த ஸ்பிரிங்குகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் தப்பினேன். ஆனாலும் இரண்டுமுறை கூலி கொடுத்தேன். ஆகவே கழற்றும் எதையும் நிலவறையில் பத்திரப்படுத்துங்கள்.

சைலன்சரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஒப்புதல் முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள், விடியற்காலையில் அண்டை வீட்டாரை எழுப்பாதீர்கள். நூர்பர்க்ரிங் பந்தயத்தடத்தின் 20.8 கிலோமீட்டர் நீளமான நோர்ட்ஷ்லைஃபவில் ஒரு சுற்று ஓட்டும் ஆசை இருந்தால், முதலில் காப்பீட்டு ஒப்பந்தத்தைப் படியுங்கள். பந்தயச் சுற்றில் நேரும் சேதத்தைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை.

வரும் ஆண்டில் ஸ்பிரிங் மாற்றியே தீருவது என்று முடிவு செய்துவிட்டால், இப்போது புது டயரோடு வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்) செய்வதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். ஸ்பிரிங் மாறியதும் சக்கரக் கோணங்களும் மாறும். அந்த வேலையை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். இப்போது டயர் ஒருபக்கமாகத் தேயாமல், ஸ்டியரிங் நேராக நின்றால், அதைத் தள்ளிப்போடலாம். வண்டி ஒருபக்கமாக இழுக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.