ஏழாம் வகுப்பு மகளின் முதல் டேபிள் டென்னிஸ் ரப்பர்: எதை வாங்குவது?

கேள்வி: ஐயா, வணக்கம். ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் டேபிள் டென்னிஸ் ஆட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. சனி, ஞாயிறுகளில் சேலத்துக்குக் கூட்டிவந்து ஒரு கோச்சிடம் விடுகிறேன். இதுவரை ரெடிமேட் பேட்தான். “இனிமேல் மரம் தனி, ரப்பர் தனியாக வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள்” என்கிறார் கோச். கடையில் ஒருவர், ஒரு பக்கத்துக்கே ஐயாயிரத்துக்கு மேல் ஆகும் ஜப்பான் ரப்பரைக் காட்டி, “கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறீர்கள், இப்போதே வாங்கிவிடுங்கள்” என்றார். இன்னொருவர் விலை குறைந்த சீன ரப்பர் போதும் என்கிறார். மகளோ மணிகா பத்ரா மாதிரி பிம்பிள் ரப்பர் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். மழைக்காலத்தில் பந்து வழுக்குகிறது என்றும் சொல்கிறாள். நான் எதை வாங்கட்டும்?

பதில்: வணக்கம் சார். கடைக்குப் போகும் அவசரம் இருந்தால் இந்தப் பத்தி மட்டும் போதும். இரண்டு பக்கமும் ஒரே ரப்பர் போடுங்கள். மேற்பரப்பு வழவழப்பாக உள்ள சாதாரண ரப்பர், அதிகம் கடினமில்லாத ஸ்பாஞ்ச், 1.8 மில்லிமீட்டர் கனம். ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் சிவப்பு. ஐயாயிரம் ரூபாய் ரப்பர் வேண்டாம், பிம்பிளும் இப்போதைக்கு வேண்டாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையில் இந்த மாடல் இல்லை, அந்த மாடல்தான் இருக்கிறது என்று சொன்னால் நீங்களே முடிவெடுக்க அது உதவும்.

ரப்பர் என்று நாம் சொல்வது இரண்டு அடுக்கு. மேலே மெல்லிய ரப்பர் ஷீட். அதன் ஒரு புறம் வழவழப்பு, மறுபுறம் சின்னச் சின்ன முளைகள். அந்த முளைகளைத்தான் பிம்பிள் என்கிறோம். முளைகள் உள்பக்கமாகத் திரும்பி ஸ்பாஞ்சோடு ஒட்டியிருந்தால் அது சாதாரண ரப்பர். வெளிப்பக்கம் தெரிந்தால் பிம்பிள் ரப்பர். பந்து படும்போது மேல் ஷீட் அதைப் பற்றிச் சுழற்றுகிறது, கீழே இருக்கும் ஸ்பாஞ்ச் அமுங்கி எழுந்து தள்ளிவிடுகிறது. சுழற்சி மேலிருந்தும் வேகம் கீழிருந்தும் வருவதாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பாஞ்சின் பலத்தை உலகம் கண்கூடாகப் பார்த்தது நம் நாட்டில்தான். 1952இல் பம்பாயில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்புக்கு ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்து, ஆண்கள் ஒற்றையர் பட்டத்தைத் தட்டிச் சென்றார். பந்து பேட்டில் படும் சத்தத்தை வைத்து வேகத்தைக் கணித்துப் பழகிய எதிராளிகளுக்கு அந்தச் சத்தமே கேட்கவில்லை. பிறகு 1959இல் வரம்பு கொண்டுவந்தார்கள். ஷீட், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்த்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இன்றும் அதுதான் விதி.

இப்போது அந்த விலை உயர்ந்த ரப்பருக்கு வருவோம். பட்டர்ஃபிளை டெனர்ஜி போன்றவை அருமையான ரப்பர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவை முழு வீச்சு ஏற்கெனவே கைவந்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் பந்து லேசாகப் பட்டாலே பாயும். உங்கள் மகள் கோச் சொன்னபடி இடுப்பிலிருந்து திரும்பி முழுதாக வீசினால், பந்து மேசையைத் தாண்டிப் போய் விழும். மறுபடி வீசுவாள், மறுபடி வெளியே போகும். அப்புறம் யாரும் சொல்லாமலேயே கை தானாக வீச்சைக் குறைத்துக்கொள்ளும். முழங்கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மணிக்கட்டு இறுகும். பந்தைத் தொட்டுத் தொட்டு அனுப்புவாள். பந்து மேசையில் விழுகிறதே என்று பார்க்கிற நமக்கும் சந்தோஷமாக இருக்கும். ஒரு வருடம் கழித்து எதிரே ஒரு நல்ல ஆட்டக்காரி வந்து நிற்கும்போதுதான், இவளிடம் டாப்ஸ்பின் என்ற ஒன்றே உருவாகவில்லை என்று தெரியவரும். டாப்ஸ்பின் என்பது கீழிருந்து மேலே, நீண்ட வீச்சில், பந்தை உரசி எடுப்பது. வீசப் பயப்படும் கைக்கு அது வராது.

நிதானமான ரப்பரில் நேர்மாறாக நடக்கும். அரைகுறையாக வீசினால் பந்து வலையில் விழும், முழுதாக வீசினால்தான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். தப்பு எது, சரி எது என்று ஒவ்வொரு பந்திலும் அவளுக்கே தெரிந்துவிடும். பன்னிரண்டு வயதில் கை இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பதினாறு வயதில் குட்டை வீச்சை நீட்ட வைப்பது கோச்சுக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம். நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சியின்போது மகளுக்கு நேர் பின்னால் உட்காராமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஃபோர்ஹேண்ட் அடித்து முடித்ததும் பேட் எங்கே போய் நிற்கிறது? நெற்றிக்கு முன்னால் வந்து நின்றால் நல்லது. மார்புக்கு நேராகவே நின்றுவிட்டால் பந்துக்குப் பயந்து அடிக்கிறாள் என்று அர்த்தம். புது ரப்பர் போட்டு ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி பாருங்கள். ரப்பர் சரியா தவறா என்பதற்கு எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை இது.

பாக்கெட்டில் வேகம், சுழற்சி, கன்ட்ரோல் என்று மூன்று எண்கள் போட்டிருப்பார்கள். அவற்றை நம்பி ஒரு கம்பெனி ரப்பரை இன்னொரு கம்பெனியோடு ஒப்பிடாதீர்கள். பொது அளவுகோல் கிடையாது, அவரவர் போட்டுக்கொள்ளும் மார்க் அது. கடினத்தைக் காட்டும் டிகிரியும் அப்படியே. ஜெர்மனியில் செய்யும் ஸ்பாஞ்சில் 42 என்றால் மிருதுப் பக்கம். சீன ரப்பரில் 40 என்று எழுதியிருந்தால் அது கல் மாதிரி இருக்கும். பாக்கெட்டில் நம்பக்கூடியது ஸ்பாஞ்சின் கனம் ஒன்றுதான்: 1.5, 1.8, 2.0, மேக்ஸ் என்று இருக்கும். கனம் ஏற ஏற வேகமும் எடையும் ஏறும்.

எடையைப் பெற்றோர் யாரும் கேட்பதே இல்லை. கேளுங்கள். ஐந்து அடுக்கு முழு மரமாக, கார்பன் கலக்காததாக, 80 முதல் 85 கிராமுக்குள் ரப்பர் ஒட்டாத பேட் ஒன்று எடுங்கள். 1.8 மிருது ரப்பர் வெட்டிய பிறகு ஒரு பக்கத்துக்கு 40 கிராமை ஒட்டி வரும். மொத்தம் 170 கிராமுக்குள் அடங்கிவிடும். கடினமான, தடித்த ரப்பர் இரண்டு பக்கமும் போட்டால் 185ஐத் தாண்டும். அந்தப் பதினைந்து கிராம் கையில் எடுத்த உடனே தெரியாது. பயிற்சியின் கடைசி அரை மணி நேரத்தில் பேட்டின் தலை கீழே தொங்க ஆரம்பிக்கும், பேக்ஹேண்ட் ஒவ்வொன்றும் வலையில் போய் விழும். அது பிள்ளையின் சோம்பேறித்தனம் இல்லை.

பெயர் சொல்லிக் கேட்க வேண்டுமென்றால் யசாகா மார்க் ஃபைவ் கேளுங்கள். 1969இல் வந்த ரப்பர், இன்றும் விற்கிறது, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது அதில்தான். அது கிடைக்காவிட்டால் பட்டர்ஃபிளை ஃபிளெக்ஸ்ட்ரா. கொஞ்சம் துள்ளல் வேண்டும் என்று கோச் நினைத்தால் எக்ஸியம் வேகா யூரோப், அதுவும் 1.8 கனத்தில். ஆன்லைனில் வாங்குவதானால் பாதி விலையில் கிடைக்கும் பெரிய பிராண்டுகளைத் தொடாதீர்கள், போலிகள் நிறைய.

சீன ரப்பர் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். உலகச் சாம்பியன்கள் ஆடும் ஹரிகேன் த்ரீ சீன ரப்பர்தான். அதன் மேற்பரப்பு பிசுபிசுவென்று இருக்கும். பந்தை அதன்மேல் வைத்துக் கவிழ்த்தால்கூட ஒரு கணம் ஒட்டி நிற்கும். ஆனால் ஸ்பாஞ்ச் கடினம். கையில் பலம் இருந்தால்தான் அது வேலை செய்யும், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பலம் இன்னும் வரவில்லை. பணம் இப்போது முடை என்றால் 729 என்ற சீன ரப்பர் வகையில் ஸ்பாஞ்ச் மிருதுவாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

பிம்பிள் பற்றி மகளிடம் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். அவள் ஆசை நியாயமானது. 2018 காமன்வெல்த் போட்டியில் பெண்கள் ஒற்றையர் தங்கம் வென்ற மணிகா பத்ரா, பேக்ஹேண்டில் நீளப் பிம்பிள் வைத்து ஆடுபவர். நீளப் பிம்பிளின் முளைகள் பந்து பட்டதும் மடங்கும். எதிராளி கொடுத்த சுழற்சி அப்படியே அவர் பக்கமே திரும்பிப் போகும். அவர் டாப்ஸ்பின் அடித்தால் நம் பந்து பேக்ஸ்பின்னாக, அதாவது பின்னோக்கிச் சுழன்றபடி போய் அவரைத் தடுமாற வைக்கும். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. பள்ளி அளவில் பேட்டைச் சும்மா நீட்டினாலே நாலு பாயின்ட் கிடைக்கும், அதுதான் ஆபத்தும். எளிதாக வரும் பாயின்ட்டில் மயங்கி, பேக்ஹேண்டில் சுழற்றி அடிக்கும் பழக்கமே வராமல் போய்விடும். பிம்பிளும் நாம் நினைத்தபடி சுழற்சியை உண்டாக்கித் தராது, எதிராளி தருவதைத்தான் திருப்பும். எதிராளி சுழற்சியே இல்லாமல் மெதுவாகத் தள்ளினால் என்ன செய்வாள்? மணிகா ஆடுவதை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். ஆட்டத்தின் நடுவே பேட்டை விரல்களில் திருப்பி, சாதாரண ரப்பராலும் பேக்ஹேண்ட் பக்கம் அடிப்பார். இரண்டும் தெரிந்தவர் கையில்தான் பிம்பிள் ஆயுதம். முதலில் இரண்டு வருடம் சாதாரண ரப்பர், அதன்பின் கோச்சும் மகளும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

வழுக்கல் விஷயத்தில் மகள் சொல்வது முழு உண்மை. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ரப்பரிலும் பந்திலும் படியும், பந்து உரசாமல் சறுக்கிவிடும். எந்த விலை ரப்பரும் இதற்கு மருந்து இல்லை. பிசுபிசு ரப்பருக்கு இன்னும் தொல்லை. ஜன்னலை மூடுங்கள். உலர்ந்த பருத்தித் துணி ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கட்டும், பேட்டையும் பந்தையும் அடிக்கடி துடைக்கட்டும். போட்டி விதியிலேயே ஒவ்வொரு ஆறு பாயின்ட்டுக்கும் துண்டு எடுத்துத் துடைக்க நேரம் உண்டு, அதை வீணாக்காமல் இருக்கப் பழக்குங்கள். சர்வீஸ் போடுமுன் பந்தை ரப்பரில் அழுத்தி லேசாகத் திருகிப் பார்க்கட்டும். பிடித்தால் போடலாம், நழுவினால் துடைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் ஸ்பாஞ்சும் இறுகிப்போய் பந்து மந்தமாக வரும். பேட்டைக் கொஞ்ச நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்திருந்து எடுத்தால் சரியாகிவிடும்.

அதே பேட் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்கு வந்தால் பிரச்சினை வெயில். ஏப்ரல், மே மாதங்களில் பஸ் ஜன்னலோரத்திலும் வண்டி டிக்கியிலும் பேட்டை வைக்காதீர்கள். சூட்டில் ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகும், ஓரத்தில் பசை விட்டுக் குமிழ் எழும். பைக்குள் துணிகளுக்கு நடுவே வையுங்கள். ஆடி முடித்ததும் ஈர ஸ்பாஞ்சால் ஒரே திசையில் துடைத்து, உலர்ந்த பிறகு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிவைக்க வேண்டும். சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

ஒட்டும் வேலையைச் சேலத்திலேயே முடித்துவிடுங்கள். தண்ணீர் அடிப்படையிலான பசைதான் இப்போது பழக்கத்தில் இருக்கிறது, மலையின் ஈரக்காற்றில் அது காய ரொம்ப நேரம் எடுக்கும். மரத்திலும் ஸ்பாஞ்சிலும் மெல்லிசாகத் தடவி, வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல ஆன பிறகுதான் ஒட்ட வேண்டும். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த ஆவி பிள்ளைக்குக் கெடுதல், அப்படிப்பட்ட பசை 2008 முதல் போட்டிகளில் தடை. ஃபெவிகாலும் கூடாது, காய்ந்து இறுகிப்போய் அடுத்த முறை ரப்பரை உரிக்கும்போது மரத்தையும் சேர்த்துப் பெயர்க்கும். ஓரத்தில் ஒரு டேப் ஒட்டச் சொல்லுங்கள். மேசையில் இடித்து முதலில் கிழிவது ஓரம்தான்.

பிடிக்குப் பக்கத்தில் ஐடிடிஎஃப் (சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு) முத்திரை தெரிகிற மாதிரி ஒட்ட வேண்டும், முத்திரை இல்லாத ரப்பரை நடுவர் ஏற்கமாட்டார். ஒரு பக்கம் கட்டாயம் கருப்பு. மறுபக்கம் 2021 முதல் சிவப்பு மட்டும் இல்லாமல் பிங்க், ஊதா, பச்சை, நீலமும் அனுமதி. மகளுக்கு பிம்பிளை மறுத்ததற்கு ஈடாக இதைச் சொல்லிப் பாருங்கள்.

வாரம் மூன்று நாள் ஆட்டம் என்றால் ரப்பர் ஆறிலிருந்து எட்டு மாதம் தாங்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பந்து அதிகம் படும் நடுப்பகுதி ஓரத்தைவிட நிறம் மாறி மங்கியிருந்து, விரலை வைத்து இழுத்தால் பிடிக்காமல் வழுக்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அப்போது ஃபோர்ஹேண்ட் பக்கம் மட்டும் அதே ரப்பரை 2.0 கனத்தில் போடலாமா என்று கோச்சிடம் கேளுங்கள். பெயர், கனம், மரம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் புரியாது.

மிச்சமாகும் பணத்தில் நாற்பது பிளஸ் (40+ என்று அளவு போட்ட) பயிற்சிப் பந்து இரண்டு டஜன் வாங்கிக்கொடுங்கள். சேலம் வராத ஐந்து நாளும் பள்ளி மேசையில் தனியாக சர்வீஸ் போட்டுப் பழகட்டும், அதற்கு எதிரே யாரும் தேவையில்லை.